சியோலின் ஆசைக்கு யார் வட்டி கட்டுவது?

2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணியை ஒட்டிய நேரம். தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். சிறிது நேரத்திலேயே அந்நாட்டின் மிகப் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சான அப்பிட்டில், சுமார் 13 கோடி வொன்னுக்குக் கைமாறிக்கொண்டிருந்த பிட்காயின் 8.8 கோடி வொன்னுக்கு விழுந்தது. விற்கத் துடித்தவர்களின் நெரிசலில் அப்பிட், இன்னொரு எக்ஸ்சேஞ்சான பிட்தம்ப் இரண்டின் செயலிகளும் திணறின. அதே நேரத்தில் உலகின் மற்றச் சந்தைகளில் பிட்காயின் இழந்தது ஒருசில சதவீதம்தான். தேசிய சட்டமன்றம் நள்ளிரவு தாண்டிக் கூடி, பிரகடனத்தை நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. கொரிய விலையும் உலக விலையோடு மீண்டும் ஒட்டிக்கொண்டது.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பணம் என்று சொல்லப்படும் ஒன்று, ஒரு நாட்டுக்குள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு விலையை இழந்த இரவு அது. அந்த நேரத்தில் கொரியாவுக்கு வெளியே, அலுவலகமோ வாடிக்கையாளர் படிவமோ இல்லாமல் வெறும் கணினி நிரல்களாக இயங்கும் மையமற்ற டெரிவேட்டிவ் சந்தைகளில், அதே பிட்காயின் மீது பல மடங்கு கடனோடு எடுக்கப்பட்ட பந்தயங்கள் திறந்தே கிடந்தன. கொரிய விலையை அந்தச் சந்தைகள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால், கடனோடு விலையேற்றத்தை நம்பியிருந்தவர்களில் பெரும்பாலோரின் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? மற்ற நாள்களில் கொரியச் சிறு முதலீட்டாளரின் உற்சாகம் எந்த வழியாக இந்தச் சந்தைகளுக்குள் புகுகிறது? புகுந்தால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது?

எறும்புகளின் சந்தை

கொரியாவில் சிறு முதலீட்டாளர்களை 'எறும்புகள்' என்பார்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 5.1 கோடி. அந்நாட்டு நிதிச் சேவை ஆணையத்தின் கணக்கெடுப்புப்படி 2024 முடிவில் கிரிப்டோ வணிகம் செய்யத்தக்க பயனர்கள் ஏறத்தாழ 97 லட்சம். கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவர்.

இவர்களின் பந்தய ஆசை கிரிப்டோவோடு பிறந்ததும் அல்ல. 1997-ல் தொடங்கிய கோஸ்பி 200 பங்குக் குறியீட்டின் ஆப்ஷன் வணிகம், ஒப்பந்தங்களின் எண்ணிக்கையில் நெடுங்காலம் உலக முதலிடத்தில் இருந்தது. 2011-ல் மட்டும் 360 கோடிக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கைமாறின. நிலைமை கைமீறுவதாகக் கண்ட அதிகாரிகள், 2012-ல் ஒப்பந்தத்தின் அளவை ஐந்து மடங்காக்கினார்கள். கொஞ்சப் பணத்தோடு வந்தவர்களால் உள்ளே நுழைய முடியாமல் போனது, வணிகம் சுருங்கியது. சில ஆண்டுகள் கழித்து, 24 மணி நேரமும் திறந்திருக்கும், எவ்வளவு சிறிய தொகைக்கும் இடம் தரும் கிரிப்டோ சந்தை வந்தபோது கூட்டம் தயாராகவே இருந்தது. சந்தைத் தரவு நிறுவனமான கைகோவின் கணக்குப்படி, 2024-ன் முதல் காலாண்டில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளில் வொன் வழி நடந்த வணிகம், டாலர் வழி நடந்த வணிகத்தை மயிரிழையில் முந்தியது: 45,600 கோடி டாலருக்கு எதிராக 45,500 கோடி. கொரியக் கூட்டத்தின் ருசியும் தனி. பிட்காயினைவிட எக்ஸ்ஆர்பி போன்ற மாற்று நாணயங்களின் மீதுதான் அங்கே மோகம் அதிகம்.

இவ்வளவு பெரிய கூட்டத்தைச் சுற்றி மூன்று சுவர்கள் இருக்கின்றன. முதலாவது, அடையாளம். 2018 ஜனவரி இறுதியிலிருந்து, சொந்தப் பெயரில் உள்ள கொரிய வங்கிக் கணக்கோடு இணைத்தால்தான் வொன்னில் கிரிப்டோ வாங்க முடியும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அப்பிட்டில் போய்க் கடை விரிக்க முடியாது. இரண்டாவது, அந்நியச் செலாவணி. ஆவணம் காட்டாமல் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகை ஆண்டுக்கு 50,000 டாலராக இருந்தது. 2023-ல்தான் ஒரு லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. மூன்றாவது, நிறுவனங்களுக்கான தடை. 2017 இறுதியில் நிதி நிறுவனங்கள் கிரிப்டோவில் முதலீடு செய்வதற்கு அரசு தடை போட்டது.

உள்ளே வாங்குவோர் கூட்டம். வெளியே விற்பதற்குச் சரக்கு. நடுவே சுவர். விளைவு, உள்ளூர் விலை உலக விலையைவிட மேலே நிற்கிறது. இந்த வித்தியாசத்துக்கு வணிகர்கள் வைத்த பெயர் கிம்ச்சி பிரீமியம். கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, 2016 ஜனவரியிலிருந்து 2018 பிப்ரவரி வரை பிட்காயின் அமெரிக்காவைவிடக் கொரியாவில் சராசரியாக 4.73 சதவீதம் விலை கூடுதலாக இருந்தது. 2017 டிசம்பர் முதல் 2018 பிப்ரவரித் தொடக்கம் வரையிலான காய்ச்சல் நாள்களில் அது 15 சதவீதத்துக்கு மேல் நின்று, சில நாள்கள் 40 சதவீதத்தைத் தொட்டது என்று இகோர் மகரோவ், ஆன்டுவானெட் ஷோர் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய பணம் என்பதற்கு 2022-ல் ஒரு சாட்சி கிடைத்தது. வெளிநாட்டில் மலிவாக வாங்கிய நாணயங்களைக் கொரியாவில் விற்றுக் கிடைத்த வொன்னை வெளியே கொண்டுபோக, சில நிறுவனங்கள் அதைத் தங்கக்கட்டி, செமிகண்டக்டர் சில்லு ஆகியவற்றின் இறக்குமதிக்கான பணம் என்று காட்டி வங்கிகள் வழியே அனுப்பியிருந்தன. நிதிக் கண்காணிப்பு அமைப்பு கண்டறிந்த சந்தேகத்துக்குரிய அனுப்புதல்களின் மொத்தம் 700 கோடி டாலரைத் தாண்டியது.

காலாவதி இல்லாத ஒப்பந்தம்

இனி மறுபக்கம். கிரிப்டோவில் இன்று மிக அதிகமாக நடக்கும் டெரிவேட்டிவ் வணிகம் 'பெர்ப்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ்', சுருக்கமாகப் பெர்ப். சாதாரண ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்க நெருங்க ஒப்பந்தத்தின் விலையும் உண்மையான பொருளின் விலையும் ஒன்றுசேரும். பெர்ப்பில் முடிவுத் தேதியே கிடையாது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலர் ராபர்ட் ஷில்லர் 1993-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், வீடு போல அடிக்கடி கைமாறாத சொத்துகளுக்காக இந்த யோசனையை முன்வைத்தார். 2016 மே மாதம் பிட்மெக்ஸ் நிறுவனம் அதைப் பிட்காயினுக்குக் கொண்டுவந்தது.

தேதி இல்லாவிட்டால் ஒப்பந்த விலையை உண்மை விலையோடு கட்டி வைப்பது எது? 'ஃபண்டிங்' என்ற கட்டணம். விலை ஏறும் என்று பந்தயம் கட்டியவர் லாங். இறங்கும் என்று கட்டியவர் ஷார்ட். பெர்ப் விலை உண்மை விலையைவிட மேலே போனால், லாங் தரப்பு ஷார்ட் தரப்புக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் பணம் கொடுக்க வேண்டும். கீழே போனால் நேர்மாறு. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்குச் செலவு கூடும். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு வருமானம். எக்ஸ்சேஞ்சுக்கு இதில் பங்கில்லை. ஆசைக்கு ஆளானவர்கள் ஆளாகாதவர்களுக்குக் கட்டும் வட்டி என்றே இதைச் சொல்லலாம்.

எண்களில் பார்த்தால் இதன் கூர்மை தெரியும். ஒருவர் 1,000 டாலரை மார்ஜினாக, அதாவது பிணைத்தொகையாக வைத்து, பத்து மடங்கு லீவரேஜில், அதாவது கடன் பலத்தில், 10,000 டாலருக்கு லாங் எடுக்கிறார். ஹைப்பர்லிக்விட் என்ற மையமற்ற எக்ஸ்சேஞ்சில் ஃபண்டிங் ஒவ்வொரு மணி நேரமும் கைமாறுகிறது. சந்தை அமைதியாக இருக்கும்போது மணிக்கு 0.00125 சதவீதம் என்பது அடிப்படை விகிதம். அதாவது மணிக்குப் பன்னிரண்டரை சென்ட், நாளைக்கு 3 டாலர். கூட்டம் மொத்தமும் லாங் பக்கம் குவிந்து விகிதம் மணிக்கு 0.01 சதவீதமாகிவிட்டால், மணிக்கு 1 டாலர், நாளைக்கு 24 டாலர். சதவீதமாகக் கேட்கும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும் இந்தத் தொகை, பத்தே நாளில் அவர் வைத்த மார்ஜினில் கால்வாசியைத் தின்றுவிடும். அதற்கு விலை ஒரு பைசாகூட இறங்க வேண்டியதில்லை. விலையும் பத்து சதவீதம் இறங்கினால் சொல்லவே வேண்டாம். அதற்கு முன்பே நிரல் அவருடைய பொசிஷனை, அதாவது திறந்திருக்கும் பந்தயத்தை, தானாக விற்றுத் தீர்த்துவிடும். லிக்விடேஷன் என்பது அதுதான்.

இந்த வணிகத்தை நிறுவனத்தின் சர்வரில் நடத்தாமல் பிளாக்செயினில் நடத்துபவையே மையமற்ற டெரிவேட்டிவ் எக்ஸ்சேஞ்சுகள். டிஒய்டிஎக்ஸ் 2023 அக்டோபரில் தனக்கென ஒரு பிளாக்செயினையே தொடங்கி அதற்கு மாறியது. ஜிஎம்எக்ஸ் 2021-ல் ஆர்பிட்ரம் வலையமைப்பில் தொடங்கியது. ஜெஃப் யான் தலைமையிலான குழு உருவாக்கிய ஹைப்பர்லிக்விட், 2025 ஜூலையில் ஒரே மாதத்தில் 30,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட வணிகத்தைக் கண்டது. இவற்றில் கணக்குத் தொடங்க வங்கி வேண்டாம்; ஒரு வாலட்டும், டாலர் மதிப்போடு கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின் கொஞ்சமும் போதும்.

சுவரைத் தாண்டும் வழிகள்

கொரியாவின் உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சுகளில் பெர்ப் கிடையாது. லீவரேஜோடு கிரிப்டோ வணிகம் செய்யும் வசதியை அந்நாட்டு அதிகாரிகள் ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்தோடு பார்த்தார்கள். மார்ஜின் வணிகத்தைச் சூதாட்டமாகக் கருதிப் போலீஸ் விசாரணையே நடந்தது. 2025 ஜூலையில் அப்பிட்டும் பிட்தம்பும் நாணயங்களைக் கடனாகத் தரும் சேவையைத் தொடங்கின. பிட்தம்ப் அடமான மதிப்பில் நான்கு மடங்கு வரை கடன் தர முன்வந்தது. அடுத்த மாதமே நிதிச் சேவை ஆணையம் நிறுத்தச் சொல்லி, செப்டம்பரில் கட்டுப்பாடுகளை வகுத்தது. ஆகவே உள்ளூரில் எறும்புகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாங்குவதும் விற்பதும்தான். உற்சாகம் முழுதும் நேரடி விலையில்தான் கொட்டுகிறது. அங்கிருந்து பெர்ப் சந்தைக்கு அது மூன்று வழிகளில் போகிறது.

முதல் வழி, செய்தி. அப்பிட் ஒரு புதிய நாணயத்தை வொன் சந்தையில் பட்டியலிடப் போவதாக அறிவித்தால், அந்த நாணயத்தின் விலை உலகெங்கும் துள்ளுவது வழக்கம். அப்பிட்டின் அறிவிப்புப் பக்கத்தை நொடிதோறும் வாசித்துக்கொண்டே இருக்கும் கணினி நிரல்களைப் பலர் வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் அவை அப்பிட்டுக்குப் போவதில்லை, போகவும் முடியாது. அந்த நாணயத்துக்கு எங்கே பெர்ப் இருக்கிறதோ அங்கே லாங் எடுக்கின்றன. கொரியர் ஒருவர்கூட இன்னும் ஒரு நாணயம் வாங்காத நிலையில், கொரியர்கள் வாங்கப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பே ஃபண்டிங்கை ஏற்றிவிடுகிறது.

இரண்டாவது, ஆர்பிட்ராஜ்: இரு சந்தைகளின் விலை வித்தியாசத்தில் லாபம் பார்ப்பது. கொரியாவில் பிரீமியம் விரியும்போது, வெளியே வாங்கி உள்ளே விற்பவர்கள் உலகச் சந்தையில் சரக்கை வாங்குகிறார்கள். அனுப்பக் கட்டணம் குறைவு, வேகம் அதிகம் என்பதால் எக்ஸ்ஆர்பி, டிரான் போன்றவை இந்த வேலைக்கு வண்டிகளாகின்றன. இன்னொரு வகையினர், பிரீமியம் குறைவாக இருக்கும்போது கொரியாவில் நாணயத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதே அளவுக்கு வெளியே பெர்ப்பில் ஷார்ட் எடுக்கிறார்கள். விலை எங்கே போனாலும் இவர்களுக்குக் கவலையில்லை. கொரிய விலைக்கும் உலக விலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி விரிந்தால் லாபம். கொரியக் கூட்டத்தின் மனநிலையை மட்டும் தனியே பிரித்தெடுத்து அதன்மேல் கட்டும் பந்தயம் இது. இவர்கள் போடும் ஷார்ட்டுகளும், எதிர்பார்ப்பில் வந்த லாங்குகளும் ஒரே பெர்ப் சந்தையில்தான் மோதிக்கொள்கின்றன. ஃபண்டிங் எந்தப் பக்கம் போகும் என்பது அந்த நேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எக்ஸ்சேஞ்ச் ஏதாவதொரு காரணத்துக்காக ஒரு நாணயத்தின் வரவையும் வெளியேற்றத்தையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டால் இந்த வழி அடைபடும். உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு விலையை ஏற்றுவார்கள். கடலில் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்க்கும் பண்ணையோடு ஒப்பிட்டுக் கொரிய வணிகர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கூண்டு திறக்கும் நாளில் விலை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூண்டுக்குள் ஷார்ட் எடுக்க வழியில்லை. அந்த அனுமானமும் வெளியே உள்ள பெர்ப் சந்தைக்கே வந்து சேர்கிறது.

மூன்றாவது வழி, ஆட்களே நேரடியாகப் போவது. உள்ளூரில் வாங்கிய நாணயத்தைச் சொந்த வாலட்டுக்கு மாற்றி, ஸ்டேபிள்காயினாக்கி, வெளியே லீவரேஜ் எடுப்பது. பத்து லட்சம் வொன்னுக்கு மேற்பட்ட அனுப்புதல்களில் அனுப்புபவர், பெறுபவர் விவரம் வேண்டும் என்ற விதி 2022 மார்ச்சில் வந்தது. 2025 மார்ச்சில், கொரியாவில் பதிவு செய்யாத 17 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளின் செயலிகளை கூகுள் ப்ளே அந்நாட்டில் தடுத்தது. அடுத்த மாதம் ஆப்பிளும் அதைப் பின்பற்றியது. செயலிக் கடையில் தடுக்கக்கூடியது நிறுவனத்தின் செயலியை. பிளாக்செயினில் இருக்கும் நிரலை அங்கே தடுக்க முடியாது. நிறுவன எக்ஸ்சேஞ்சுகளை இறுக்க இறுக்க, இறுக்க முடியாததன் கவர்ச்சி கூடுவது இயல்பு.

கடிகாரமும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். அப்பிட்டில் அன்றைய விலை மாற்றத்தின் கணக்கு கொரிய நேரம் காலை 9 மணிக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 'இன்று அதிகம் ஏறியவை' பட்டியல் அப்போது வெறுமையாகிவிடும். அந்தப் பட்டியலின் உச்சியில் எது வரும் என்று முந்திக்கொள்ளும் போட்டியில், அந்த நேரத்தில் சில நாணயங்கள் திடீரென்று துள்ளும் 'ஒன்பது மணி ஏற்றம்' எறும்புகளிடையே பழகிய விஷயம். கொரிய 9 மணி என்பது உலகப் பொது நேரத்தில் சரியாக நள்ளிரவு; நமக்கு அதிகாலை 5:30. எட்டு மணிக்கொரு முறை ஃபண்டிங் வசூலிக்கும் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒரு வசூல் நேரமும் அதுவே.

இடைநிலை காத்த இரவு

இப்போது டிசம்பர் 3-க்கு வருவோம். மையமற்ற எக்ஸ்சேஞ்சுக்கு வெளியுலக விலை தானாகத் தெரியாது. அதைக் கொண்டுவந்து தரும் ஏற்பாட்டுக்கு ஆரக்கிள் என்று பெயர். ஹைப்பர்லிக்விட்டில் வலையமைப்பை நடத்தும் வாலிடேட்டர்கள் மூன்று நொடிக்கொரு முறை, பெரிய எக்ஸ்சேஞ்சுகளின் நேரடி விலைகளை எடுத்துத் தருகிறார்கள். பைனான்ஸுக்கு 3 மடங்கு எடை. ஓகேஎக்ஸ், பைபிட் இரண்டுக்கும் 2. க்ராக்கன், குகாயின், கேட், எம்இஎக்ஸ்சி, ஹைப்பர்லிக்விட்டின் சொந்தச் சந்தை ஆகியவற்றுக்கு 1. இந்தப் பட்டியலில் அப்பிட் இல்லை. வொன் விலை எதுவுமே இல்லை.

கிடைத்த விலைகளை அவர்கள் கூட்டி வகுப்பதில்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் விலையை எடுக்கிறார்கள். பள்ளிப் புள்ளியியலில் படித்த இடைநிலைதான். ஐந்து சந்தைகள் 100, 100, 101, 101, 70 என்று விலை சொன்னால், சராசரி 94.4. இடைநிலை 100. ஒரு சந்தை தலைகுப்புற விழுந்தாலும் இடைநிலை அசையாது. எடையில் பாதிக்கு மேல் உள்ள சந்தைகள் சேர்ந்து விழுந்தால்தான் அசையும்.

எனவே அப்பிட் விலை எந்த ஆழத்துக்குப் போனாலும் அது ஆரக்கிளுக்குள் நேராக நுழைய வழி இல்லை. பைனான்ஸ் போன்ற உலகச் சந்தைகளில் விலை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே பெர்ப்பை எட்டும். அறிவியல் கண்ணால் பார்த்தால் அந்த இரவு ஓர் இயற்கைச் சோதனை. மற்ற நேரங்களில் கொரிய விலையும் உலக விலையும் ஒன்றாக ஏறும்போது எது எதை இழுத்தது என்று பிரித்தறிவது கடினம். 2024 நவம்பரில் டிரம்ப் வெற்றிக்குப் பின் எல்லா நாட்டிலும் விலை ஏறியது. அப்போது எக்ஸ்ஆர்பி பறந்ததில் சியோலின் பங்கு எவ்வளவு, வாஷிங்டனின் பங்கு எவ்வளவு என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. டிசம்பர் 3-ன் அதிர்ச்சி கொரியாவில் மட்டும் பிறந்தது. பிட்காயின் போன்ற ஆழமான சந்தையில், உள்ளே முப்பது சதவீதத்துக்கு மேல் அடித்த புயல் வெளியே ஒருசில சதவீதச் சலசலப்பாகக் கரைந்தது என்பது அந்தச் சோதனையின் விடை.

பட்டியலில் கொரியாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது எவ்வளவு பெரிய முடிவு என்பதற்கு இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. 2018 ஜனவரி 8 அன்று காயின்மார்க்கெட்கேப் தளம், மற்ற நாடுகளைவிட மிகக் கூடுதலாக இருந்த கொரிய எக்ஸ்சேஞ்சுகளின் விலைகளைத் தன் சராசரிக் கணக்கிலிருந்து நீக்கியது. எந்தச் சந்தையிலும் எந்த விலையும் மாறவில்லை. திரையில் தெரிந்த சராசரி மட்டும் இறங்கியது. சந்தையே சரிந்துவிட்டதாக நினைத்துப் பலர் விற்றார்கள். விலை நிஜமாகவே சரிந்தது.

ஆழமில்லாத இடத்தில்

பிட்காயினுக்குப் பொருந்திய ஆறுதல் சிறிய நாணயங்களுக்குப் பொருந்தாது. ஒரு நாணயத்தின் வணிகத்தில் பெரும்பகுதி கொரியாவிலேயே நடந்தால், உலகச் சந்தைகளில் அதன் ஆர்டர் புக், அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல், மெலிந்திருக்கும். அங்கே ஆர்பிட்ராஜ்காரர்கள் கொண்டுவரும் கொஞ்ச அழுத்தமே இடைநிலையை நகர்த்தப் போதும். ஆரக்கிள் பொய் சொல்வதில்லை. அது பார்க்கும் எல்லாச் சந்தைகளும் ஒரே மூலத்தின் வேகத்தில் நகர்ந்துவிடுகின்றன.

மெலிந்த நேரடிச் சந்தையும் தடித்த பெர்ப் சந்தையும் அடுத்தடுத்து இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, கொரியாவோடு சம்பந்தமில்லாத சில சம்பவங்கள் பாடம் சொல்கின்றன. 2022 செப்டம்பரில் ஜிஎம்எக்ஸில் ஆரக்கிள் விலைக்கே எவ்வளவு பெரிய ஆர்டரையும் போடலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி, ஒருவர் வெளிச் சந்தையில் அவலாஞ்ச் நாணயத்தின் விலையைத் தள்ளி 5 லட்சம் டாலருக்கும் மேல் எடுத்துப்போனார். 2023 நவம்பரில் ஒய்எஃப்ஐ நாணயம் ஒரே நாளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தபோது, நஷ்டத்தைத் தாங்க டிஒய்டிஎக்ஸ் வைத்திருந்த காப்பு நிதியிலிருந்து ஏறத்தாழ 90 லட்சம் டாலர் கரைந்தது.

2025 மார்ச் 26 அன்று ஹைப்பர்லிக்விட்டில் நடந்தது இன்னும் துலக்கமானது. ஜெல்லிஜெல்லி என்ற சின்னஞ்சிறு நாணயத்தில் ஒருவர் பல லட்சம் டாலருக்கு ஷார்ட் எடுத்துவிட்டு, மார்ஜினை உருவிக்கொண்டு, அதே நாணயத்தின் நேரடி விலையை வேறிடத்தில் ஏற்றினார். அவருடைய ஷார்ட் லிக்விடேஷனுக்கு வந்தது. அதை வாங்கிக்கொள்ள ஆர்டர் புக்கில் ஆளில்லாததால், பயனர்கள் பணம் போட்டு வைத்திருக்கும் எச்எல்பி என்ற பொதுநிதியின் தலையில் அது ஏறியது. விலை ஏற ஏற நிதியின் கணக்கு நஷ்டம் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில் வாலிடேட்டர்கள் கூடி வாக்களித்து அந்தச் சந்தையையே மூடினார்கள். அப்போதைய விலையில் தீர்க்காமல், 0.0095 டாலர் என்ற பழைய விலையில் எல்லாப் பொசிஷன்களையும் தீர்த்தார்கள். நிதி தப்பித்தது. 'நிரலே சட்டம்' என்ற நம்பிக்கை அன்று அடிவாங்கியது.

ஓர் அறிவிப்பால் கிளம்பும் பிராந்திய உற்சாகத்துக்கு இத்தகைய சதி நோக்கம் இருப்பதில்லை. ஆனால் நிரலுக்கு நோக்கம் தெரியாது. ஆயிரக்கணக்கான எறும்புகள் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும், ஒரே ஆள் கெட்ட எண்ணத்தோடு வாங்கினாலும், மெலிந்த சந்தையில் விலை ஒரே மாதிரிதான் பாயும். ஷார்ட் எடுத்தவர்கள் லிக்விடேட் ஆவார்கள். அவர்களின் ஷார்ட்டை மூட நிரல் வாங்கும். அது விலையை மேலும் ஏற்றும். அடுத்த ஷார்ட் விழும். இறங்கும்போது இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓடும்.

காப்பு நிதியும் பொதுநிதியும் தாங்காத நிலை வந்தால் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: லாபத்தில் இருப்பவர்களின் பொசிஷனையே நிரல் கட்டாயமாக மூடிக் கணக்கை நேர்செய்யும். 2025 அக்டோபர் 10 அன்று, சீனப் பொருள்கள் மீது 100 சதவீதக் கூடுதல் வரி என்று டிரம்ப் அறிவித்ததும் கிரிப்டோ சந்தை முழுதும் ஒரு நாளைக்குள் 1,900 கோடி டாலர் அளவிலான பொசிஷன்கள் லிக்விடேட் ஆயின. ஹைப்பர்லிக்விட்டிலும் அன்று இந்தக் கட்டாய மூடல் நடந்தது. சரியாகக் கணித்து ஷார்ட் எடுத்தவர்களில் சிலரால்கூடத் தாங்கள் விரும்பிய நேரத்தில் வெளியேற முடியவில்லை.

யார் கட்டுவது?

ஆக, கொரியாவில் ஒரு மோகம் கிளம்பி, அது மையமற்ற பெர்ப் சந்தையை எட்டும்போது செலவு நான்கு பேருக்கு வரிசையாகப் பிரிகிறது. முதலில், கூட்டத்தைப் பார்த்துத் தாமதமாக லாங் எடுத்தவர். அவர் மணிக்கு மணி ஃபண்டிங் கட்டுகிறார். அடுத்து, எந்தப் பக்கமானாலும் மிஞ்சிய லீவரேஜ் எடுத்தவர். அவருடைய மார்ஜின் போகிறது. மூன்றாவதாக, நல்ல வருமானம் என்று நம்பிப் பொதுநிதியில் பணம் போட்டவர். மற்றவர்கள் விட்டுப்போன பொசிஷன் அவர் தோளில் ஏறுகிறது. கடைசியாக, ஜெயித்தும் கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர். இந்த நால்வரில் ஒருவர்கூட கொரியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. மோகத்தைக் கிளப்பிய எறும்பு உள்ளூரில் கடனில்லாமல் வாங்கி, விலை இறங்கினால் நாணயத்தையாவது கையில் வைத்திருக்கும். வட்டி கட்டுபவர் வேறொரு நாட்டில், வேறொரு நேர மண்டலத்தில் இருப்பார்.

மையமற்ற சந்தை என்றால் நாடுகளின் எல்லைகளுக்கு அப்பாற்பட்டது என்ற வாதம் பாதிதான் சரி. அதன் நிரலுக்கு எல்லை கிடையாது. அதற்குள் வரும் விலைகளுக்கும் பணத்துக்கும் மனிதருக்கும் எல்லை உண்டு. ஒரு நாட்டின் வங்கி விதியும் செலாவணி வரம்பும் காலை 9 மணிப் பழக்கமும் சேர்ந்து ஒரு நாணயத்தின் ஃபண்டிங் விகிதத்தை நிர்ணயிக்கலாம். கொரிய அரசு நாளை நிறுவனங்களுக்குக் கதவை முழுதாகத் திறந்தாலோ, உள்ளூரில் டெரிவேட்டிவ் வணிகத்தை அனுமதித்தாலோ, பிரீமியம் சுருங்கும். இந்த அழுத்தமும் குறையும். சியோலில் எழுதப்படும் ஒரு சுற்றறிக்கை, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிரலின் நடத்தையை மாற்றும்.

இந்தச் சந்தைகளில் கால் வைக்கத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாணயம் திடீரென்று பறந்தால், லாங் பொத்தானைத் தொடும் முன் மூன்றைப் பாருங்கள். அந்த நாணயம் அதிகம் கைமாறுவது எந்த நாட்டில்? அங்கே விலை உலக விலையைவிட எவ்வளவு மேலே நிற்கிறது? மணிக்கு எவ்வளவு ஃபண்டிங்? வணிகத்தில் பெரும்பகுதி ஒரே நாட்டில், அங்கே பிரீமியம் விரிந்திருக்கிறது, ஃபண்டிங்கும் உச்சத்தில் என்றால், நீங்கள் வாங்கப்போவது வேறொரு ஊரின் ஆசையை. அதற்கான வட்டியை நீங்கள்தான் கட்டுவீர்கள். விலகி நிற்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.